கோட்டின் மேல் அடைக்கோழி

மனோகர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள், காலண்டர் தாளைக் கிழித்து அவன் மனைவி தனகோட்டி எழுதினாள். அவள் அழுத்திய அழுத்தில் தாள் இரண்டு இடத்தில் ஓட்டையானது.

"பங்காருபேட்டைக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். சோறும் ரசமும் இருக்குது. கறி இல்ல. போன ஞாயித்துக்கிழமை நான் இல்லாத நேரமாப் பாத்து, கூட்டாளிங்களோட என் அசில் சேவல அறுத்துத் தின்னீங்களே, அது போதும். எட்டு வருஷமா வேற கோழியோட கலக்காம காப்பாத்துன இனம்.

அதோட சேந்து பெட்டை போட்ட முட்டை பதினொண்ணு மிச்சம் இருந்துச்சு. பெட்டைய அடை வச்சிட்டேன். கூடையில இல்ல, பீரோ கீழ்த்தட்டுல, ரிட்டயர்மெண்ட் பங்ஷனுக்கு நீங்க தெச்ச கோட்டு மேல. இருபத்தொரு நாள் அசைக்கக் கூடாது. அசைச்சா எல்லாம் கூமுட்டை. அப்புறம் அந்த இனமே இல்ல."

பங்ஷன் வருகிற வெள்ளிக்கிழமை. அதை நினைத்ததும், சேவல் போன நாளிலிருந்து முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. மடித்த தாளைப் பிரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"பீரோவச் சாத்தாதீங்க, கோழிக்கு மூச்சு முட்டும். கம்பும் தண்ணியும் வைங்க. கோட்டு வேணும்னா கோழியக் கேட்டு எடுத்துக்குங்க. என்னைக் கேட்டா சேவல அறுத்தீங்க?"