நூற்றுப்பத்துக்குக் கீழே

மார்ச் 3
காலை எடை 118.4. தராசில் ஏறும்போது என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். மூச்சை அடக்கினால் எடை அடங்குமா? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கம்பெனிக் கடிதம் மேசைமேல் இருக்கிறது. கிரேனில் ஏறுகிறவர்கள் மாட்டும் பாதுகாப்புப் பெல்ட்டுக்கு 110 கிலோதான் கணக்காம். ஏப்ரல் 30க்குள் அதற்குக் கீழே வராவிட்டால் மேலே ஏற விடமாட்டார்கள். பதினெட்டு வருஷமாக மேகத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனிதர்.

டாக்டரம்மா பசி அடங்க வாரம் ஒரு ஊசி போடலாம் என்றார், சாப்பாட்டு அட்டவணையும் கொடுத்தார். அட்டவணை போதும் என்று நான்தான் சொன்னேன். வாயைக் கட்ட ஊசி எதற்கு? நான் மாதத்தில் நாலு நாள் பட்டினி கிடந்து பிரார்த்தனை செய்கிறவள். மனசு வைத்தால் முடியும்.

மார்ச் 19
113.9! ஆண்டவன் கண் திறந்துவிட்டான்.
இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்: அவருடைய அட்டவணைச் சாப்பாட்டிலிருந்து வேளைக்கு ஒரு பிடி எடுத்துவிடுகிறேன். ஆண்டவனுக்கு நான் நேர்ந்துகொண்டது அது. அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 2
113.7.

ஏப்ரல் 6
114.3. ஏறியிருக்கிறது. எப்படி? தட்டில் வைத்த ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் எழுதியிருக்கிறேன். என் கணக்கு தப்பாது. அப்படியானால் அவர்—

"வெளியில என்ன சாப்பிடுறீங்க?"
"காத்து."
"கிண்டல் வேணாம்."
"நிஜமாத்தான்டி. மேல நிறையக் கிடைக்குது."

பொய் சொல்கிறார். இருபத்து நாலு வருஷத்தில் என்னிடம் முதல் பொய்.

ஏப்ரல் 9
போனேன். போயிருக்கக் கூடாது.

வேலை நடக்கிற இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன்காரரிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன், இவர் என்ன வாங்கித் தின்கிறார் என்று. பின்னாலிருந்து ஒருவன், "அண்ணே, ஓடுங்க, வீட்டுப் போலீஸ் வந்தாச்சு!" எல்லாரும் சிரித்தார்கள்.

கேன்டீன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா எங்கிட்ட வாங்குறது வெறும் தண்ணிதான் அண்ணி. நாங்க சாப்பிடுறதப் பார்க்க முடியாம சுவத்தப் பார்த்து உட்கார்ந்துக்குவாரு."

அவர் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை.

ஏப்ரல் 10
சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஏப்ரல் 15
அவருக்குக் கிரேன் ஏணியில் பாதி ஏறும்போது கண் இருட்டிப் பிடி விட்டுவிட்டதாம். நாலு நிமிஷம் பெல்ட்டில் தொங்கியிருக்கிறார். அது தாங்கியது. தாங்காமல் போயிருந்தால்? கடவுளே, நான் எடுத்த பிடிகளை நீயா கேட்டாய்? நீ கேட்கவே இல்லையே. நானாகத்தானே செஞ்சேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ஒரு பிடி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் கட்டிலில் அவர். திட்டுவார் என்று பார்த்தேன்.
"ஒரு பிடியா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

"அப்ப டயட்டெல்லாம் பொய்யா டாக்டர்?" என்று கேட்டேன்.
"பொய்யில்லம்மா. சிலருக்கு அதுவே போதும். நிறையப் பேருக்கு எடை திரும்ப வந்துடும். சோத்தக் குறைச்சா உடம்பு செலவச் சுருக்கும், பசியக் கூட்டும். அது மனசோட குத்தம் இல்ல."
"ஊசி போட்டா?"
"அதுவும் மந்திரம் இல்ல. நிறுத்தினா எடை திரும்பலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது."

போடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான், இதை அவரிடமல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். தலையாட்டினார்.

ஏப்ரல் 30
113.1. மேலே ஏற அனுமதி இல்லை. நாளையிலிருந்து தரையில் நின்று, கிரேனில் இருப்பவனுக்குக் கையசைத்துச் சைகை காட்டுகிற வேலை. கழுத்து வலிக்கும் என்றார். தைலம் எடுத்து வைத்தேன்.

ஜூன் 11
ஒன்பதாவது ஊசி. 108.8. கம்பெனியில் மறுபடி பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். ஏற்றிவிடுவார்களா, தெரியாது.

சாப்பிடும்போது தட்டில் பாதி இருக்க, "போதும்" என்றார். நான் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா? இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றேன்.

"பசிக்கலடி. சின்ன வயசிலேர்ந்து இப்படி இருந்ததே இல்ல. வயிறு எப்பவும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கும். இப்பத்தான் சும்மா இருக்கு. உனக்கெல்லாம் எப்பவும் இப்படித்தானா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு, மார்ச் 3ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டி, 'மனசு வைத்தால் முடியும்' என்று நான் எழுதியிருந்ததைப் படித்தேன்.