இறக்கத்தில் நியூட்ரல்

ஜூன் 9, 2025 – திங்கள்

வெள்ளகோவிலில் என் கார் மானத்தை வாங்கிவிட்டது. எஞ்சின் அது பாட்டுக்கு உறுமுகிறது, டிரைவ் கியரில் போட்டால் நகர மாட்டேன் என்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், தெரிந்த வியாபாரிகள் அத்தனை பேரும் பார்க்க. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே ஓர் உதை கொடுத்துக் கிளம்பியது.

நான் காங்கேயம் வந்து சேர்வதற்குள் மோகனுக்குச் செய்தி போய்விட்டது. எனக்குத் தம்பிதான், பேச்சு மட்டும் அப்பா மாதிரி. "போதுங்க்கா. பதினேழு வருச வண்டி. இனிமே நம்ம லாரி டிரைவர் கண்ணையா ஓட்டட்டும், நீ பின்னால உக்காந்துக்கோ."

பின்னாலயா? நானா? போலியோவில் இடது கால் சூம்பிப்போனவள் நான். கிளட்ச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் வண்டி வந்த பிறகுதான் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகிறேன். மில்லுக்குக் கொப்பரை வாங்கப் போறதுக்கு எவனையாச்சும் கேட்டுட்டுக் கெளம்போணுமா? அதெல்லாம் நடக்காது.

சண்டை போட்டுக் கடைசியில் ஓர் ஒப்பந்தம். "கோளாறு வண்டி மேல இருந்தா சரி பண்ணிக்கோ. உன் மேல இருந்தா சாவியக் குடுத்தரோணும்" என்றான். சரி என்றேன். என் மேல் என்ன கோளாறு இருக்கப் போகிறது?

ஜூன் 12 – வியாழன்

கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. இருபத்தெட்டு வருடம் எண்ணெய் மில் நடத்திய மூக்கு இது, கொப்பரை கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்தாலே சொல்லிவிடும். கருகல் ஆரம்பித்திருக்கிறது, முற்றவில்லை. உள்ளூர் மெக்கானிக் "கியர்பாக்ஸே போச்சுங்க, மாத்தோணும்" என்கிறான். போடா.

ஜூன் 17 – செவ்வாய்

கோயமுத்தூர், உக்கடம். சஹீர் பாய் ஆட்டோமேட்டிக் வண்டி மட்டுமே பார்ப்பவர். டிரைவ் போட்டால் தாமதம், சூடேறினால் வேகம் பிடிக்காமல் எஞ்சின் மட்டும் கத்துவது, கியர் மாறும்போது உதறல், ஆயிலில் கருகல் வாசனை என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். "வாசனைய வெச்சே கண்டுபுடிச்சுட்டீங்களே!" என்றார். பூரித்துத்தான் போனேன், மறைப்பானேன்.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். மெல்லிய கறுப்புப் பொடி இருந்தது, இரும்புத் துணுக்கு இல்லை. "பொழைச்சுக்குமுங்க. ஆனா பழைய பாக்ஸை ஒரே நாள்ல கழுவித் தள்ளக் கூடாது. பாதி ஆயில் இன்னிக்கு, மீதி ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு." கியர் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று முன்பு எனக்குச் சொன்ன மகராசன் யாரோ!

அப்புறம் ஒன்று கேட்டார். "இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டி உடுவீங்களா? ஓடற வேகத்துல மறுபடி டிரைவுக்குத் தள்ளத் தள்ள உள்ள உரசித் தேயுமுங்க."

"இல்லீங்க" என்றேன்.

சட்டென்று வந்துவிட்டது. பதினேழு வருடமாக, பெட்ரோல் மிச்சம் என்று, இறக்கம் கண்ட இடமெல்லாம் நியூட்ரல்தான். மைலேஜ் பெருமை வேறு ஊரெல்லாம் அடித்திருக்கிறேன்.

ஜூன் 20 – வெள்ளி

வண்டி உதறலே இல்லாமல் போகிறது. என்னால் அதைக் கொண்டாட முடியவில்லை.

மோகன் சஹீர் பாய்க்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறான். யாரோ நியூட்ரலில் உருட்டித்தான் தேய்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா செய்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நேராகக் கண்ணையாவிடம் போனான். முப்பது வருடம் எங்கள் லாரி ஓட்டியவர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் காரும் ஓட்டினார். "லாரிப் பழக்கத்துல காரைக் கெடுத்துப்போட்டீங்க! இனி எந்தச் சாவியும் தொடாதீங்க, கேட்டுல போயி உக்காருங்க" என்று கொப்பரை காயும் களத்து ஆட்கள் முன்னால் கத்தினான்.

"நானில்லீங்க தம்பி" என்று ஒரு தடவைதான் சொன்னார்.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 21 – சனி

கண்ணையா எழுந்து நின்று எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். "வண்டி நல்லாயிருச்சுங்க அம்மணி, சத்தமே இல்லீங்களே" என்றார் சிரித்துக்கொண்டு.

சொன்னா சாவி போயிரும். சொல்லாட்டி? சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா?

ஜூன் 23 – திங்கள்

சொல்லிவிட்டேன். அதே களத்தில், அதே ஆட்கள் இருக்கும்போது. "கண்ணையா இல்ல மோகா. நியூட்ரல் போட்டது நாந்தான். பதினேழு வருசமா." சாவியை அவன் கையில் வைத்தேன்.

கேட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க அம்மணி" என்றார் கண்ணையா. கண் கலங்கிவிட்டது, இரண்டு பேருக்கும். பின்னாலேயே மோகனும் வந்து தலையைக் குனிந்து நின்றான். "விசாரிக்காமப் பேசிப்போட்டேனுங்க" என்றான்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன்.

ஜூன் 24 – செவ்வாய்

காலையில் கண்ணையா சாவியோடு வாசலில் நிற்கிறார். "தம்பி குடுக்கச் சொன்னாருங்க. ஒரு மாசத்துக்கு நான் பக்கத்துல உக்காரோணுமாம். கை நியூட்ரலுக்குப் போச்சுன்னா சொல்லோணுமாம்."

எனக்குக் காவலா! வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வெள்ளகோவில் போய் வந்தோம். கை மூன்று தடவை போனது. மூன்று தடவையும் அவர் இருமினார்.

"ஏனுங்க, சளி புடிச்சிருக்குதா?"

"உங்களப் போயி அதட்ட முடியுமுங்களா அம்மணி?"

ஜூலை 10 – வியாழன்

மீதி ஆயிலும் மாற்றியாயிற்று. சஹீர் பாயிடம் அன்று சொன்னது பொய் என்றேன். "அன்னிக்கே தெரியுமுங்க" என்றார்.

ஜூலை 24 – வியாழன்

மாதம் முடிந்தது. இன்று தனியாகக் கரூர் போய் வந்தேன். உதறல் இல்லை, தாமதம் இல்லை.

திரும்பும்போது ஒரு நீண்ட இறக்கம். கை தானாக எழுந்து கியர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

நானே இருமிக்கொண்டேன்.