காலியாக இருந்த கட்டம்

திங்கட்கிழமை

அன்புள்ள ரேடியோவுக்கு,

அச்சு எழுதிக்கொள்வது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஆனால் உன் நலத்தை நேற்று காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். உன் நாயின் நலத்தையும் பார்த்தேன். "என்னடி இப்படி இளைச்சுட்ட?" என்று வாசலிலேயே கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அது வந்து உன் காலைச் சுற்றியது. "இவனும்தான் இந்த மாசம் இளைச்சுட்டான்" என்று குனிந்துவிட்டாய். என் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். வழியில் பாதி தூரம் நின்றுகொண்டுதான் வந்தேன். கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "என்ன, ரேடியோ பாடலையா?" என்று மட்டும் கேட்டார். போகாதே, போய் அவள் காலில் விழாதே என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். எனக்குத்தான் ரோஷம் வந்தது. அவள் ரிட்டையர் ஆகி ஊர் மாறும்வரை இருபத்தேழு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பில் ஒட்டியிருந்த மணலைக் கழுவுகிறேன் என்று குழாயடியில் நின்றேன்.

நேற்று காலையில் உன் ஊருக்கு வந்த முதல் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் கோழிக்குஞ்சுகள் நிறைந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவை கத்திய கத்தலில் நான் பேசியது யாருக்கும் கேட்காது என்று நினைத்து, உன்னிடம் எப்படிக் கேட்பது என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கேட்பது ஒன்று. கண்டிப்பாகக் கேட்பது ஒன்று. கண்டிப்பாகத் தொடங்கினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்ததால் மறுபடியும் சிரித்துக்கொண்டே கேட்பது. குஞ்சுக்காரர், "என்னம்மா, பரீட்சைக்கு மனப்பாடமா?" என்றார். ஆமாம், வியாழக்கிழமை பரீட்சை என்றேன். "இந்த வயசுலயா?" என்று ஆச்சரியப்பட்டு, இறங்கும்போது நல்லபடியாக எழுதச் சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாத மனிதர்.

நடந்தது உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதி வைப்பதுதானே என் வேலை. நீ விடைத்தாள் கட்டைப் பார்த்து மார்க்கைப் படிப்பாய், நான் பதிவேட்டில் எழுதுவேன். பிறகு இடம் மாறி, நான் படிக்க நீ சரிபார்ப்பாய். பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். எழுதியவர் சுருக்கொப்பம் ஒன்றில், சரிபார்த்தவர் சுருக்கொப்பம் இன்னொன்றில். உன் குரலுக்கு ரேடியோ, என் கையெழுத்துக்கு அச்சு என்று ஆபீசே பெயர் வைத்தது. நம் இரண்டு பேர் பக்கத்தில் ஒரு திருத்தம் கிடையாது என்று மேலதிகாரியே சொன்ன காலம் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். நாய்க்குட்டி எதையோ தின்றுவிட்டு நுரை தள்ளுகிறது என்றாள். வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது அது. உனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கடைசிப் பக்கத்தைப் பரீட்சை எண்ணைச் சொல்லாமல் வெறும் மார்க்கை மட்டும் மடமடவென்று படித்தாய். நடுவில் ஒரு பையன் பரீட்சைக்கே வந்திருக்கவில்லை. 'வரவில்லை' என்று நீ சொல்லவில்லை. நானும் நிறுத்திக் கேட்கவில்லை. அடுத்தவன் மார்க் அவனுக்குப் போனது, அதற்கடுத்தவன் மார்க் இவனுக்குப் போனது, பக்கம் முழுக்க ஒரு வரி நகர்ந்துவிட்டது. கடைசி எண்ணுக்கு வந்தபோது மார்க் மிச்சமில்லை. "அப்போ அது வரலை, எழுதிக்கோ" என்றாய். எழுதிக்கொண்டேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "என் இனிஷியலையும் நீயே போட்டுடுடி, குட்டி செத்துடும் போல இருக்கு" என்றாய். போட்டேன். சரிபார்க்காமலே போட்டேன். அது என் தப்பு. அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

அந்தக் கடைசி எண் ஒரு பெண். எழுதிய பரீட்சைக்கு வரவில்லை என்று வந்ததும் வீட்டில் அவளை யாரும் நம்பவில்லையாம். பரீட்சை அன்றைக்கு எங்கே சுற்றினாய் என்று கேட்டுக் கேட்டே படிப்பை நிறுத்திவிட்டார்கள். விடாமல் மனுமேல் மனு போட்டு, இந்த வருஷம்தான் கட்டைப் பிரிக்க வைத்தாள். போன மாதம் ஆபீசுக்கு வந்திருந்தாள். என் மேஜைக்கு முன்னால் நின்று, "நீங்கதான் எழுதினீங்களாக்கா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது என்மேல் உள்ள குற்றச்சாட்டு வரி நகர்ந்தது இல்லை. அதற்கு ஒரு கண்டனத்தோடு விட்டிருப்பார்கள். சக ஊழியரின் சுருக்கொப்பத்தை அவருக்குத் தெரியாமல் போட்டேன் என்பதுதான் குற்றம். அதற்குப் பெயர் மோசடி. வியாழக்கிழமை விசாரணையில் அது உறுதியானால் வேலை போகும், பெயர் போகும். நீ போடச் சொன்னாய் என்ற ஒரு வரியை நீ சொன்னால் போதும். அந்த அறையில் நம்மைத் தவிர யாரும் இல்லை. இதைக் கேட்கத்தான் நான் வந்தேன் என்பது உனக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் கேட்கலாம் என்று பார்த்தால், நாய்க்குக் குளியல். மத்தியானம் சாப்பிடும்போது கேட்கலாம் என்று பார்த்தால், அதற்கு முட்டையின் வெள்ளைக்கருவைப் பிரித்து ஊட்டிக்கொண்டிருந்தாய். நான் தொண்டையைக் கனைத்ததும் "சாயங்காலம் கடற்கரைக்கு நடப்போம்ல, அப்போ பேசிக்கலாம்டி" என்றாய். சரி, வீட்டுச் சுவருக்கும் காது உண்டு என்று நினைக்கிறாள் போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சோபா முழுக்க அது படுத்திருந்ததால் நான் சாப்பாட்டு நாற்காலியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். துரை என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். மீன் ஏலக்கூடத்தின் பின்னால் இறங்கி, அலைத் தடுப்புக் கற்களை ஒட்டியே நடந்தோம். உச்சி வெயில் தணிந்து நல்ல காற்று. கடலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தேன். இன்னொரு நாளாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். எதிரே நாயோடு வந்த ஒவ்வொருவரிடமும் நின்று பேசினாய். எந்த நாய்க்குக் காதில் புண், எதற்குப் பல் விழுந்தது, எல்லாம் உனக்கு அத்துப்படி. நான் வியாழக்கிழமை என்று ஆரம்பித்த மூன்று தடவையும் குச்சியை எடுத்து வீசினாய். அது ஓடிப்போய் எடுத்து வந்தது. மூன்று தடவையும் அதைப் பாராட்டினாய்.

கூந்தல் அவிழ்ந்துவிட்டது என்று, மறுபடி மாட்டிய நாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முடிந்துகொண்டாய். அப்போதுதான் சொன்னாய். வாயில் கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு, வெகு சாதாரணமாக. "இவன் யாரையும் பக்கத்துல விடமாட்டான். ஆனா அந்த விசாரணை ஆபீசர் வந்தாரில்ல, அவர் மடியிலயே போய்ப் படுத்துக்கிட்டான். அவரும் நாய் வளர்க்கிறவராம்."

என் கை தானாக விட்டுவிட்டது. வேண்டுமென்று விடவில்லை, நம்பினால் நம்பு. அது நேராகத் தண்ணீருக்குள் பாய்ந்தது. நீ கத்தினாய் பார், கற்களின்மேல் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை இழுத்து வந்து, நனைந்த புடவையோடு என் முன்னால் நின்று, "பிடின்னு குடுத்தா பிடிச்சிருக்கணும். உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு" என்றாய்.

என்னை நம்பிக் கொடுத்தாயாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்போது வந்தார் அந்த அதிகாரி, என்ன சொன்னாய் என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகிறது என்றாய். நான் வருகிறேன் என்று கடிதம் போட்டதற்கும் முன்னால். "நான் பொய் எதுவும் சொல்லலைடி. நான் கிளம்பும்போது அந்தக் கட்டம் காலியா இருந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். அது பொய்யா, நீயே சொல்லு" என்றாய்.

பொய் இல்லை. காலியாகத்தான் இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் நீ படித்த எந்த மார்க்கும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

பிறகு கல்மேல் உட்கார்ந்து, நாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே அழுதாய். "என்னோட பென்ஷன் ஃபைல் இன்னும் கையெழுத்தாகாம மேல கிடக்கு. என்னையும் இதுல இழுத்தா நான் எங்கடி போவேன்? எனக்குன்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்றாய். உண்மையாகத்தான் அழுதாய், எனக்குத் தெரியும். உன் கண்ணீரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பாவம் என்றும் இருந்தது. அந்தப் பாவம்தான் எனக்கு அவமானமாக இருக்கிறது. உனக்குப் புருஷன் போனபோதும் உன் அண்ணன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டபோதும் என் வீட்டில்தான் இருந்தாய். அதைச் சொல்லிக்காட்ட மாட்டேன் என்று நினைத்திருந்தேன், சொல்லிவிட்டேன். எழுதிவிட்டதை நான் அடிப்பதில்லை.

பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொடுத்து, "எல்லாம் நல்லபடியா முடியும், மனசுல பட்டதைச் சொல்லு" என்றாய். பொட்டலத்தில் பாதி ரொட்டி இருந்தது. பசித்தது, தின்றேன்.

இன்று லீவு போட்டு உட்கார்ந்து என் வாக்குமூலத்தை எழுதி முடித்தேன். இதுவரை கேட்டதற்கெல்லாம் இரண்டு பேருடைய கவனக்குறைவு என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். உனக்காகத்தான். இனி அது வேண்டாம். யார் படித்தது, எது விட்டுப்போனது, யார் போன் செய்தது, கதவருகே நீ நின்று சொன்னது, நான் சரிபார்க்காமல் போட்டது, ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இதை அவ ஒத்துக்கலைன்னா வெறும் கதைன்னு சொல்லிடுவாங்க" என்றார். அவர் சொல்வது சரி. அந்தப் பெண் சொன்னதையும் இரண்டு வருஷம் கதை என்றுதான் சொன்னார்கள்.

நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தபால் நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும், வியாழக்கிழமைக்கு நேரம் இருக்கிறது. இந்தத் தடவை உனக்கு அவசரம் எதுவும் இல்லை. துரை நன்றாக இருக்கிறது, நான் பார்த்தேனே. நிதானமாக உட்கார்ந்து படி. வாய்விட்டுப் படி, உன் குரலில். ஒரு வரி தப்பாக இருந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிடு, நான் கேள்வி கேட்க மாட்டேன். எதையும் அடிக்க முடியவில்லை என்றால், கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறேன். எழுதியவர் கட்டத்தில் நான் போட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் இனி நான் கை வைக்க மாட்டேன்.

நீயும் அதுவும் நோய் நொடி இல்லாமல் இருங்கள்.

என்றும் உன் எதிர் நாற்காலியில்,
அச்சு