கெடு தாண்டிய உன் கையெழுத்து

என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் உன் புகார் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

குழந்தை தங்காமல் போனபின் ஆவடியில் அந்த மனநல ஆலோசகரிடம் போய்வந்தாய். வாரம் ஒருநாள் அவரிடம் ஒரு மணி நேரம் பேசுவாய். உனக்குத் துணையாக நான் தங்கியிருந்த உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொள்வாய். ஒரே அறையில் வளர்ந்த எனக்குச் சொல்லாததை யாரோ ஒருத்தருக்குச் சொல்கிறாளே என்று வயிறெரிந்தது. அந்தக் கோபத்தில் உன்னை எதுவும் கேட்பதையே விட்டுவிட்டேன்.

அந்த ஆள் உன்னைத் தனியாக வெளியே கூப்பிட்டிருக்கிறார். நீ மறுத்ததும், நீ அவரிடம் அழுது சொன்னதையெல்லாம் உன் வீட்டுக்காரரிடம் ஒப்பித்துவிட்டார். உன் வீட்டுக்காரர் ஏன் விட்டுப் போனார் என்று தெரியாமலே நான்கு வருஷம் உன் பக்கத்தில் இருந்திருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

ஆஸ்பத்திரியில் கடைசி மாதம்தான் சொன்னாய். நீ சொல்லச் சொல்ல எழுதினேன். நீயே கையெழுத்துப் போட்டாய். ஆலோசகர்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ஆபீசுக்கு அனுப்பினேன். பதில் வந்தபோது நீ இல்லை. புகார் தர வேண்டிய கெடு முடிந்துவிட்டதாம், விசாரிக்க இயலாதாம். அரைப் பக்கம்கூட இல்லை அந்தக் கடிதம். நீ கையெழுத்துப் போட்ட பேப்பரையும் அதோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஆபீசுக்கு நேரிலேயே போனேன். வாய்விட்டுச் சொல்லவே நாலு வருஷம் ஆனவளுக்கு எந்த நாளிலிருந்து கெடு என்று கேட்டேன். நடந்த நாளிலிருந்துதான் என்றார் அந்த அதிகாரி அம்மா. தன்மையாகத்தான் சொன்னார்.

வெளியே பெஞ்சில்தான் ரேவதியைப் பார்த்தேன். காட்டுப்பாக்கத்துக்காரி. பேச்சுக் கொடுத்தால், அவளிடமும் தப்பாக நடந்தது அதே ஆள். அவள், நடந்த எட்டு மாதத்துக்குள் புகார் கொடுத்திருந்தாள், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பக்கத்தில் அவள் புருஷன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா, அவளைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. உயிரோடு இருக்கிறாள். நம்புகிற புருஷன் இருக்கிறான். கெடுவும் இருக்கிறது. உனக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லையே.

தான் ஒருத்தி சொன்னால் நம்புவார்களோ மாட்டார்களோ, உன் பேப்பரைத் தர முடியுமா என்று கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். என் கைப்பையில்தான் இருந்தது. உன் வலியைக் கொண்டுபோய் அவள் ஜெயிப்பதா என்று நினைத்தேன். இதுதான் என் தப்பு.

இரண்டு வாரம் கழித்து சேக்காட்டில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். டீகூடக் கொடுக்கவில்லை நான். அவள் பேப்பரைக் கேட்கவும் இல்லை. உன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க அந்த நாற்காலில உக்காந்து அழுதது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் அங்க போயே இருக்க மாட்டேன்கா. எனக்கப்புறம் யார் உக்காந்துகினு கீறாங்களோன்னுதான் பயமா கீது."

எழுந்துபோய்ப் பேப்பரை எடுத்துவந்தேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. அங்கேயே உட்கார்ந்து முழுதாகப் படித்தாள்.

உன் பேப்பரைத் தனிப் புகாராக எடுக்க முடியாது, இவளுடைய புகாருக்கு ஆதரவாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். விசாரணையில் அந்த ஆளுக்கு எதிரே நின்று நீ சொன்னதை நான் வாசித்தேன். நடுவில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி அவர் இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று போன மாதம் உத்தரவு வந்தது.

உத்தரவில் ரேவதி பெயர்தான் இருக்கிறது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அவளுக்காக முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்த இடத்தில் நீ நின்றிருக்க வேண்டும். பொறாமை தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கெடுவை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதுகிறோம், அவளும் நானும். முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னாள். முதல் வரியில் உன் பெயர் வராமல் என் கையெழுத்து விழாது. திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுவேன். இதற்கு எவரும் கெடு வைக்க முடியாது, அக்கா.

உன்னைக் கேட்காமல் விட்ட,
உன் தங்கச்சி மல்லிகா