தரையும் ஏறி இறங்குதாம்

என்னங்க, கடவுள் புண்ணியத்துல நான் சுகம். உங்க முட்டிவலி தேவலையா?

இங்க ஒரு கூத்து. நான் கூட்டிப் பெருக்குற ஆபீஸ்ல, செயற்கைக்கோளை வெச்சு இடத்தை அளக்குற தூண் ஒண்ணு இருக்கு. புதுசா வந்த எஞ்சினியர், "தூண் ஒரு சாண் ஏறி இறங்கியிருக்கு. அக்கா, துடைக்கிறப்ப நீங்கதான் ஆட்டியிருக்கீங்க"ன்னுட்டாரு. என் வேலைக்கே உலை வெச்சிருவாரோன்னு தெரிஞ்ச சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

பெரிய மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "நிலா இழுத்தா கடல் மட்டுமா பொங்கும்? தரையும்தான் ஏறி இறங்கும். அதைக் கணக்குல கழிக்காம விட்டுட்டு, அக்கா மேல பழியா தம்பி?"ன்னாங்க. வேலை தப்பிச்சுது.

அதுலேர்ந்து துடைப்பத்தோட நின்னாலும் தொட்டில்ல நிக்கிற மாதிரியே இருக்குங்க. நம்ம வீடும் அப்படித்தான் ஏறி இறங்குமாம். நாமளும் கூடவே போறதால தெரியாதாம். நிலா உங்க தலைக்கு மேல வர்றப்ப உங்களையும் கொஞ்சம் தூக்கும், பயப்படாதீங்க. இங்க என்னையும் தூக்கும்ல.

யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா, நீங்க போத்திக்கிற போர்வையைக் குடுத்துவிடுங்க. இங்க குளிரு. மேடம் கூப்பிடுறாங்க, வெச்சிடுறேன். போர்வையைத் துவைச்சுக் குடுத்துறாதீங்க.