கண்ணாடியைக் கீறுற கல்லு

பீடோர்,
9.3.1986

அன்பு மகன் பெர்னார்டுக்கு அம்மா எழுதுறது. அங்க பெர்த் பட்டணத்துல நீ சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்க எனக்கும் தங்கச்சி எல்ஸிக்கும் ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. அப்பாவை நெனச்சாத்தான் இருப்புக் கொள்ளல, அடுப்புல சோறு கொதிக்கக் கொதிக்க வந்து எழுதுறேன்.

அவரு ஈயம் தோண்டிக்கிட்டிருந்த லம்பத்தை மூடினதுலேர்ந்து காலையில பசியாறிட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டு அந்த மணல்மேட்டுக்கே போறாரு, தெளிவா இருக்கிற கூழாங்கல்லா பொறுக்கிட்டு வந்து மைலோ டின்னுல போட்டு வைக்கிறாரு, கேட்டா எல்லாம் வைரமாம். லம்பத்து மொதலாளி தவுக்கே தன் வைர மோதிரத்தால லாரிக் கண்ணாடியைக் கீறிக் காட்டுவாராம், அதனால கண்ணாடியைக் கீறினா வைரம்தான்னு இவரு முடிவு பண்ணிட்டாரு. ஜன்னலு, அலமாரிக் கண்ணாடி ஒன்னையும் விட்டு வைக்கல. நேத்து அவரு இல்லாதப்ப லோங்காவுல சாக்கடைத் தண்ணி ஓடுற ஓரத்துல கெடந்த பால் வெள்ளைக் கல்லை எடுத்து அதே ஜன்னல்ல இழுத்துப் பார்த்தேன், அதுவும் கீறுச்சுப்பா. கத்தியால சுரண்டினேன், அவரு கல்லுலயும் கோடு விழல, என் கல்லுலயும் விழல. ரெண்டும் ஒரே சாதிதான், ஒன்னு கலங்கி இருக்கு ஒன்னு தெளிஞ்சு இருக்கு. எங்கப்பா வெங்கச்சங்கல்லும்பாரு, நீ கல்லு மண்ணைப் பத்திப் படிக்கப் போன புதுசுல குவார்ட்ஸ்னு எழுதியிருந்தியே, அதேதான்.

செபாஸ்டியன் மாமா சுங்காய்ல இருக்கிற எண்ணெய் பாக்டரியில அவருக்கு ஒரு காவல் வேலை சொல்லி வச்சிருக்கான், மாசக் கடைசிக்கு மேல இடம் நிக்காதுங்கிறான். இவரு என்னடான்னா கையில வைரத்தை வச்சிக்கிட்டு நான் ஏன்லா பாக்டரி கேட்டுல காவலுக்கு நிக்கணும்ங்கிறாரு. நான் சொல்லியிருப்பேன், வாயெடுத்தேன், அதுக்குள்ள ஒரு கல்லைத் துடைச்சு எடுத்து இது பெர்னார்டு வந்துட்டுப் போற டிக்கெட்டுக்குன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு எப்படி வாய் வரும்.

அதனால நீ எழுது, அப்பா பேருக்கே போடு. நான் சொன்னேன்னு காட்டிக்காத, எல்ஸி சொன்னதா எழுதிக்க. வைரமில்லப்பா குவார்ட்ஸு, ஆத்துல ரோட்டுல எங்கயும் கெடைக்கும்னு வெட்டிச் சொல்லு, சுத்தி வளைக்காத. நான் சொன்னா கோவப்படுவாரு, மூனு நாளு பேசமாட்டாரு, மறுபடியும் மணல்மேட்டுக்குத்தான் போவாரு. நீ சொன்னா அழுதுருவாரு. அழட்டும்பா. அழுதுட்டு வேலைக்குப் போயிருவாரு.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயித்துக்கிழமை பூசையை விடாத. ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டாரு. கடிதம் கிடைச்ச அன்னைக்கே பதில் போட்டுரு, மாசக் கடைசியை மறந்துடாத.

உன் அம்மா
இருதயமேரி