பிள்ளை என்ன நிறம்

திண்டுக்கல்
14.8.1996

அன்புள்ள மகன் ஆண்டனிராஜுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சகாயசெல்வியும் சுகமாக இருக்கிறோம், அங்கே அஸ்ஸாம் மழையில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். உன் மகளையும் இந்த வரியில் சேர்த்து எழுத ஆசைதான், டாக்டரம்மா சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். முழுக்கப் படி, பாதியில் பயந்துவிடாதே. அறிவொளி வகுப்பு முடித்து நானாக எழுதும் முதல் கடிதம், ஒரு வரிக்கு அரை மணி ஆகிறது, ஆனாலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் நேரம் நிறைய இருக்கிறது.

பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தாயில்லாத பெண் என்று அம்மா உன் பெண்டாட்டி சகாயசெல்வியையும் பிள்ளையையும் உள் அறையிலேயே வைத்துக் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டாள். அங்கே குண்டு பல்பு ஒன்றுதான், அந்த வெளிச்சத்தில் பிள்ளை தங்கமாக மின்னினாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன நிறம், என்ன நிறம் என்றார்கள், எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள், சாதுப் பிள்ளை என்று நினைத்தோம். தந்தி கிடைத்த அன்றே நீ ஸ்பீட் போஸ்டில் போட்ட கடிதம் ஐந்தாம் நாள் வந்தது. அப்பா எழுதியதை மகளே முதலில் கேட்கட்டும் என்று அவளை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன், எனக்கும் வெயில் இருந்தால்தான் எழுத்துத் தெரியும். பிள்ளை என்ன நிறம் என்று நீ கேட்டிருந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் குனிந்தேன். வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் அவள் முகம் பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை மாதிரி இருந்தது, கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

காலை வெயிலில் காட்டினால் போய்விடும், சர்க்கரைத் தண்ணீர் கொடுப்போம் என்றாள் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய மூக்கையாவின் வேனைத் திருப்பச் சொல்லித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இங்கே வந்தோம். டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார், ரத்தம் சோதித்ததில் மஞ்சள் காமாலை பத்தொன்பது. பிறந்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு வருவதுதான், ஆனால் இருபதைத் தாண்டினால் ரத்தத்தையே மாற்ற வேண்டி வரும், கவனிக்காமல் விட்டால் மூளையைத் தொட்டுவிடும் என்றார். தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார், மார்க்கெட்டில் தக்காளியை நிறம் பார்த்துப் பிரிக்கிறேன் என்றேன். "அம்புட்டுப் பெட்டியும் பாத்த கண்ணு, பேத்திகிட்ட மட்டும் மயங்கிருச்சு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இப்போது உன் மகள் நீல விளக்கின் கீழே படுத்திருக்கிறாள். கண்ணைத் துணியால் மூடியிருக்கிறார்கள். கண்ணாடி வழியே பார்த்தால், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது அடியில் வானம் தெரியுமே, அதில் மிதக்கிறவள் மாதிரி இருக்கிறாள். கையை மெதுவாக ஆட்டுகிறாள், தூக்கத்தில் சிரிக்கிறாள், மூடிய கண்ணுக்குள் என்ன பார்க்கிறாளோ. பார்த்துப் பார்த்து எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே செத்த நேரம் மறந்துபோகிறது. சகாயசெல்வி வந்து எடுத்துப் பால் கொடுக்கும்போதுதான் அவள் நம் பக்கம் திரும்பி வருகிறாள், நானும் வருகிறேன்.

16ஆம் தேதி. இன்று காலை சீட்டு வந்தது, நர்ஸ் சொல்வதற்குள் நானே வாசித்துவிட்டேன், பதினொன்று. விளக்கை அணைத்துவிட்டார்கள், நாளை வீட்டுக்குப் போகலாம். இப்போது எழுதுகிறேன், உன் மகளும் சுகம். ஞானஸ்நானத்துக்கு லீவு கேள், மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை மறுபடியும் அவள் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். தங்கம் எல்லாம் கரைந்துபோயிற்று அப்பு, உன்னைப் போல நல்ல கறுப்பு. இனிமேலும் வெள்ளைத் தாளிலேயே எழுது.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா
மி. பாஸ்கல்